கீழுதடு செய்த பாவம் என்ன?

கண்ணாடி முன்னால் போய் ஒரு நிமிஷம் நில்லுங்கள். உதட்டை மட்டும் கவனியுங்கள். லிப்ஸ்டிக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை! மேலுதடும் கீழுதடும் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். மேலுதட்டுக்கு மேலே மூக்கு இருக்கிறது. சின்னத் தாழ்வாரம் மாதிரி நிழல் கொடுக்கிறது. போதாததற்கு மேலுதடு கொஞ்சம் தரையைப் பார்த்துச் சாய்ந்தும் இருக்கிறது. கீழுதடு அப்படியில்லை. வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்திருக்கிறது. திண்ணையில் இடம் கிடைக்காமல் முற்றத்தில் படுத்தவன் கதைதான்!

இந்தச் சின்ன விஷயம் மனுஷனுக்குப் புரிய எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் உங்களைக் கொஞ்சம் கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

கோவில்பட்டி என்றதும் உங்களுக்குக் கடலை மிட்டாய் ஞாபகம் வரும். தீப்பெட்டி ஞாபகம் வரும். இலக்கியம் படிப்பவர் என்றால் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் ஞாபகத்துக்கு வருவார். ஊரைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல். மழை பெய்தால் காலை விடாது. காய்ந்தால் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும்.

இந்த ஊருக்கும் சூரியனுக்கும் ஒரு விசேஷ உறவு உண்டு. கோவில்பட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 டிகிரியும் கொஞ்சமும் தள்ளி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் வந்து நிற்பது ஏப்ரல் 13, 14 தேதிகளில். அதாவது சித்திரை முதல் நாளை ஒட்டி! அன்றைக்குப் பகல் 12 மணி 20 நிமிஷ வாக்கில் வெட்டவெளியில் ஒரு கம்பை நட்டால் நிழலே விழாது. ஆவணி நடுவில் மறுபடி ஒருமுறை இதே கதை. வருஷத்துக்கு ரெண்டு தடவை சூரியன் தலைக்கு நேரே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகிற ஊர்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம். பருத்தி எடுப்பு முடிகிற சமயம். சாலையோரப் புளியமரத்து நிழலில், மடியில் இருந்த பருத்தியைக் கொட்டிவிட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயசு இருக்கும். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை. தலையில் துண்டு. கை, கழுத்து, நெற்றி எல்லாம் பத்திரமாக மூடியிருந்தது. மூடாத இடம் ஒன்றே ஒன்று... உதடு. கீழுதடு மட்டும் தோல் உரிந்து, வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படிந்திருந்தது.

"உதட்டுக்கு என்னம்மா ஆச்சு?"

"வெயிலு குடிச்சிருச்சு தம்பி. ராத்திரி வெண்ணெய் வச்சாக் கொஞ்சம் கேக்கும். காலைல காட்டுக்குப் போனாப் பழையபடி வெடிச்சிரும்."

(கரிசலில் 'காடு' என்றால் வனமில்லை, விளைநிலம்.)

"எத்தனை நாளா இப்படி?"

"அது இருக்கும் மூணு வருசம்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"உதடு வெடிச்சதுக்கெல்லாம் யாரு டாக்டரு வீட்டுக்குப் போவா? மண்ணே வெடிச்சுக் கெடக்கு..." என்று சிரித்தார். சிரித்தபோது உதட்டில் ஒரு பொட்டு ரத்தம் துளிர்த்தது.

'வெயிலு குடிச்சிருச்சு' என்று அந்த அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். இதையே சொல்வதற்கு ஐரோப்பிய விஞ்ஞானம் நூறு வருஷத்துக்கு மேல் சுற்றி வளைத்தது. ஒரு துப்பறியும் கதைபோல அதைப் பார்க்கலாம்.

வழக்கு இதுதான்: கீழுதட்டில் ஒரு புண் வருகிறது. சில பேருக்கு அது ஆறாமல் புற்றுநோயாகிறது. மேலுதட்டை அது அபூர்வமாகத்தான் தொடுகிறது. குற்றவாளி யார்?

முதலில் மாட்டிக்கொண்டவர் புகையிலையார். 1795இல் ஸொமெரிங் என்ற ஜெர்மானிய உடற்கூறு நிபுணர், குழாயில் புகை பிடிப்பவர்களுக்குக் கீழுதட்டில் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று எழுதினார். அந்தக் காலத்தில் களிமண்ணால் செய்த புகைக்குழாய்தான். சூடான குழாய் எப்போதும் கீழுதட்டில்தான் உட்கார்ந்திருக்கும். காரணம் கச்சிதமாகப் பொருந்தியது! 'கேஸ் முடிந்தது' என்று டாக்டர்கள் ஃபைலை மூடிவிட்டார்கள்.

புகையிலை நிரபராதி என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் முதல் குற்றவாளி புகையிலையும் பாக்கும்தான். ஆனால் உதட்டு வழக்கில் அதற்கு ஒரு கூட்டாளி இருந்தான். எல்லோர் கண்ணெதிரிலும், வானத்தில்!

சூரியன்மேல் ஏன் யாருக்கும் சந்தேகம் வரவில்லை? 'வெயில் சுடுகிறது, அதனால் தோல் பொசுங்குகிறது, அவ்வளவுதானே' என்று நினைத்தார்கள். சூடுதான் காரணம் என்றால் அடுப்படியில் நிற்கிற சமையல்காரர்களுக்கும் அதே தோல் உரிதல் வர வேண்டுமே? இந்த முடிச்சை அவிழ்த்தது ரெண்டு பேர்.

முதல் ஆள் ரிட்டர். ஜெர்மனியில் ஜெனா ஊரில் ஆராய்ச்சி செய்தவர். 1801இல் அவருக்கு வயது 24. முப்பட்டகக் கண்ணாடி வழியாக வெயிலை வானவில்லாகப் பிரித்து, வெள்ளி உப்பு தடவிய காகிதத்தின்மேல் விழ வைத்தார். வெளிச்சம் பட்டால் அந்த உப்பு கறுக்கும். ஊதா நிறத்தில் கறுத்தது, சரி. ஊதாவைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இருட்டான இடத்தில் இன்னும் அதிகமாகக் கறுத்தது! வெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆசாமி ஒளிந்திருக்கிறான் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். இன்றைக்கு நாம் அவனைப் புற ஊதாக் கதிர் என்கிறோம்.

இரண்டாவது ஆள் லண்டன் டாக்டர் எவரார்ட் ஹோம். மனுஷர் கொஞ்சம் வில்லங்கமானவர். புகழ்பெற்ற சர்ஜன் ஜான் ஹன்டருக்கு மைத்துனர். ஹன்டர் செத்தபிறகு அவருடைய கையெழுத்துப் பிரதிகளை 1823இல் கொளுத்தியவர். அதற்கு மூணு வருஷம் முன்னால், 1820இல், அவர் தன் கையையே வெயிலில் வைத்துக் கொளுத்திப் பார்த்தார். ஒரு கையை வெறுமனே நீட்டினார். இன்னொரு கையைக் கறுப்புத் துணியால் மூடினார். ரெண்டிலும் ஒவ்வொரு வெப்பமானி. கறுப்புத் துணி மூடிய கையில்தான் சூடு அதிகம். ஆனால் தோல் பொசுங்கியது எந்தக் கையில் தெரியுமா? வெறும் கையில்! சூடு அதிகமாக இருந்த கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு பிரமாதமானது. கறுப்புத் தோல் சூட்டை இழுக்கிறது, உண்மைதான். ஆனால் வெயிலின் எரிப்பிலிருந்து உடம்பைக் காப்பாற்றுவதும் அதே கறுப்புதான் என்றார். நம்மூரில் 'கறுப்பு' என்று பெண்ணைத் தட்டிக் கழிக்கிற மாப்பிள்ளை வீட்டார் இதைக் கொஞ்சம் படித்தால் தேவலை! மெலனின் என்கிற அந்த நிறமி இருப்பதால்தான், வெள்ளைக்காரர்களோடு ஒப்பிட்டால் நமக்குத் தோல் புற்றுநோய் வெகு குறைவு.

'அப்படியென்றால் நமக்கென்ன கவலை?' என்று கேட்பீர்கள். கவலை அந்தக் கீழுதட்டில்தான் இருக்கிறது.

உதட்டின் சிவந்த பகுதி கன்னத்துத் தோல் மாதிரி கிடையாது. மேலே இருக்கிற காப்பு அடுக்கு ரொம்ப மெல்லிசு. வியர்வைச் சுரப்பி இல்லை. முடி இல்லை. தோலுக்கு எண்ணெய்ப் பூச்சுக் கொடுக்கிற சுரப்பிகளும் அநேகமாக இல்லை. மெலனினும் முகத்தில் இருப்பதைவிடக் குறைச்சல். உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த வீட்டில் இந்த ஒரு இடத்துக்கு மட்டும் கூரை போட மறந்த மாதிரி!

சரி, வழக்குக்கு வருவோம். சூரியனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது யார் தெரியுமா? ராஜாக்கள் இல்லை, பிரபுக்கள் இல்லை. கூலி வேலை பார்த்தவர்களின் முகங்கள். 1894இல் ஹாம்பர்க் துறைமுக நகரத்து டாக்டர் உன்னா, கப்பலில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்களின் முகத்தோல் தடித்து, செதில் படிந்து, சிலருக்குப் புற்றாக மாறுவதைக் கவனித்து, அதற்குக் 'கடலோடித் தோல்' என்றே பெயர் வைத்தார். 1896இல் தொடங்கி பிரான்ஸில் பொர்தோ பகுதி டாக்டர் துப்ரேய், திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களிடம் இதே மாற்றத்தைக் கண்டார். நகரத்துக்காரர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. வெயிலில் வேலை பார்த்தவர்களுக்கே வந்தது.

கடைசி ஆணி 1928இல். லண்டனில் ஃபிண்ட்லே என்ற ஆராய்ச்சியாளர் எலிகள்மேல் புற ஊதா விளக்கைத் தொடர்ந்து காட்டி, புற்றுநோய் வருவதை நிரூபித்தார். அடுத்த சில வருஷங்களில் அர்ஜென்டினாவில் ரோஃபோ என்ற டாக்டர் நிஜ வெயிலையே வைத்து அதை உறுதி செய்தார். 1992இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை உட்கார்ந்திருக்கிற அதே முதல் வரிசையில் சூரிய ஒளியையும் உட்கார வைத்தது. புகைக்குழாயும் வெயிலும் கூட்டுக் களவாணிகள் என்று ஒருவழியாகத் தீர்ப்பாகிவிட்டது.

குற்றவாளி பிடிபட்டான். அப்புறம் பாதுகாப்பு வர வேண்டும் இல்லையா? வந்தது. யாருக்கு வந்தது என்பதில்தான் கதை திரும்புகிறது.

1930களின் நடுவில், பிரான்ஸில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு ரெண்டு வாரம் விடுமுறை கிடைத்த காலத்தில், 'லோரியல்' அதிபர் ஷுல்லர் ஒரு வெயில் எண்ணெயை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கடற்கரைக்கு உல்லாசமாகப் போகிறவர்களுக்காக! 1938இல் ஆல்ப்ஸ் மலையில் பிஸ் புயின் சிகரம் ஏறிய கிரைட்டர் என்ற ஆஸ்திரிய மாணவர் வெயிலில் வெந்துபோனார். புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மேலேயிருந்தும் அடி, கீழேயிருந்தும் அடி! அவர் 1946இல் ஒரு பனிமலை க்ரீம் கொண்டுவந்தார். இன்றைக்கு ட்யூபில் 'எஸ்.பி.எஃப். 30' என்று எண் போடுகிறார்களே, அந்த அளவுகோலை 1974இல் பரவலாக்கியவரும் அவர்தான்.

இடையில் இரண்டாம் உலகப் போர். பசிபிக் கடலில் வெயிலில் மாட்டிக்கொண்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? கால்நடைகளுக்குத் தடவுகிற சிவப்பு வாசலின்! பிசுபிசுவென்று இருந்தாலும் ஏதோ காப்பாற்றியது.

அப்புறம் நம் வீட்டு டி.வி.க்கே இந்த விஷயம் வந்தது. 80களிலும் 90களிலும் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆஸ்திரேலியா ஆட்டக்காரர்கள் உதட்டிலும் மூக்கிலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக அப்பிக்கொண்டு வருவார்கள். 'இதென்னடா கூத்து வேஷம்?' என்று சிரித்தோம். வேஷமில்லை, துத்தநாக ஆக்சைடு. சுண்ணாம்புச் சுவர் மாதிரி நின்று புற ஊதாக் கதிரை உள்ளே விடாது. 1981இல் அந்த நாட்டில் 'சட்டை போடு, க்ரீம் தடவு, தொப்பி வை' என்று ஒரு பிரசாரம் தொடங்கி, குழந்தைகள்வரை போய்ச் சேர்ந்தது. பழைய கேப்டன் ரிச்சி பெனோ 2014இல் தனக்கு நெற்றியிலும் தலையிலும் தோல் புற்றுநோய் என்று சொன்னபோது, ஆடிய காலத்தில் தொப்பி போடாமல் போனேனே என்றுதான் வருத்தப்பட்டார்.

அந்த வெள்ளைப் பூச்சில் இப்போது துத்தநாகத்தோடு இன்னொரு பொருளும் சேர்கிறது: டைட்டானியம் டை ஆக்சைடு. இல்மனைட் என்கிற கறுப்பு மணலிலிருந்து எடுப்பது. அந்த மணல் எங்கே கிடைக்கும்? கோவில்பட்டியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தெற்கே, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில்! 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்துதான் அந்தக் கரையின் தாதுக்களை உலகத்துக்குக் காட்டினார். கயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஜெர்மனி வரைக்கும் போன மண், பக்கத்திலிருக்கிற பருத்திக்காட்டு அம்மாவின் உதட்டுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

இதுதான் எனக்கு உறுத்துகிறது. வெயில் உதட்டைத் தின்கிறது என்று உலகத்துக்குச் சாட்சி சொன்னது மாலுமியும் தோட்டக் கூலியும். மருந்து போய்ச் சேர்ந்தது உல்லாசப் பயணிக்கும் மலையேறுபவருக்கும் ஆட்டக்காரருக்கும். கோவில்பட்டியில் 1901லிருந்து விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெயிலையும் வறட்சியையும் தாங்கும் பருத்தி ரகங்களையும் சோள ரகங்களையும் அங்கே உருவாக்கினார்கள். 'கே' என்ற எழுத்தோடு வருகிற ரகங்கள் அந்த ஊர்ப் பெயரைச் சுமப்பவைதான். வெயில் தாங்குகிற பருத்திக்கு நூறு வருஷத்துக்கு மேல் யோசித்தோம். அதைப் பறிக்கிற ஆளின் உதட்டைப் பற்றி யார் யோசித்தது? கிழக்கே தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனால் இன்னும் மோசம். மேலே வெயில், கீழே வெள்ளை வெளேரென்று உப்பு.

'சரி, என்னதான் செய்ய வேண்டும்?' என்கிறீர்களா? பெரிய செலவில்லை.

முதலில் வெண்ணெய், நெய், விளக்கெண்ணெய், வாசலின். இவை உதட்டின் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வெடிப்பை ஆற்றும். தாராளமாகத் தடவலாம், ஆனால் ராத்திரியில். பகலில் புற ஊதாக் கதிரைத் தடுக்க இவற்றை நம்ப முடியாது. வெயிலில் போகிறவர் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத லிப் பாம் வாங்கி, கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் தடவ வேண்டும். ரெண்டு மணிக்கு ஒருதரம் மறுபடியும். டீ குடித்தால், சாப்பிட்டால் போய்விடும். உடனே தடவ வேண்டும். உதட்டை நாக்கால் ஈரப்படுத்துகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். எச்சில் காயும்போது உதட்டின் ஈரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

ரெண்டாவது, துணி. தலையில் துண்டு கட்டினால் மண்டை தப்பும், உதடு தப்பாது. முகத்துக்கு முன்னால் மூணு அங்குலமாவது நீட்டிக்கொண்டு நிற்கிற விளிம்பு வேண்டும். சுற்றிலும் விளிம்பு வைத்த ஓலைத் தொப்பியோ துணித் தொப்பியோ போதும். இல்லையென்றால் துண்டின் ஒரு முனையை வாயை மறைத்துக் கட்டலாம். நைந்துபோன மெல்லிய வெள்ளைத் துணி, அதுவும் வியர்வையில் நனைந்தது, கதிரை உள்ளே விட்டுவிடும். நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி நல்லது. எவரார்ட் ஹோமின் கறுப்புத் துணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

மூணாவது, நேரம். நம் முன்னோர்கள் நிழலைக் காலடியால் அளந்து மணி சொன்னவர்கள். அதே நிழல் இதற்கும் உதவும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா? வெயில் கடுமையான நேரம் என்று அர்த்தம். முடிந்தால் மரத்தடிக்குப் போங்கள். விடியற்காலையில் காட்டுக்குப் போய் உச்சிப்பொழுதில் திரும்புகிற பழைய வழக்கத்தில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது, பாருங்கள்.

கடைசியாக, முக்கியமானது. கீழுதட்டில் செதில் உதிர்ந்துகொண்டே இருக்கிறதா? வெள்ளைத் திட்டு மறையவில்லையா? உதடும் தோலும் சேருகிற கோடு மங்கிக் கலைந்துவிட்டதா? சின்னப் புண் மூணு வாரமாகியும் ஆறவில்லையா? தோல் டாக்டரிடமோ பல் டாக்டரிடமோ காட்டிவிடுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் உறைய வைத்தோ, க்ரீமிலோ, சின்ன ஆபரேஷனிலோ சரிசெய்துவிடலாம். விட்டுவிட்டால்தான் வம்பு. அதோடு புகையிலையும் சேர்ந்தால், ரெண்டு களவாணிகளையும் நாமே வீட்டுக்குள் அழைத்து உட்கார வைத்த மாதிரி.

அந்தப் புளியமரத்தடி அம்மாவிடம் இதையெல்லாம் என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, பருத்தி முடியட்டும், போய்க் காட்டுதேன்" என்றார். துண்டை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தார். ரெண்டடி நடந்தவர் நின்று, துண்டின் ஒரு முனையை இழுத்து வாயை மறைத்துச் செருகிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்.

உங்களுக்கும் ஊரில் ஒரு அம்மாவோ, சித்தப்பாவோ, மாமாவோ வெயிலில் நிற்பார்கள். அடுத்த தடவை போகும்போது ஸ்வீட் பாக்ஸோடு ஒரு தொப்பியையும் வாங்கிக்கொண்டு போங்கள். 'நல்லா இருக்கீங்களா?' என்று கேட்கும்போது அவர்கள் சொல்கிற பதிலைக் கேட்டால் மட்டும் போதாது... சொல்கிற உதட்டையும் கொஞ்சம் பாருங்கள்.